ரயிலுக்குப் போகிற வழியில் மளிகை: ஸ்டேஷன் வாசலுக்கு உள்ளே யாரைக் கேட்பது, வெளியே யாரைக் கேட்பது?

கடலூரில் வேலை, சிதம்பரத்தில் வீடு. இல்லையென்றால் சிதம்பரத்தில் வேலை, கடலூரில் வீடு. தினமும் சுமார் 40 கிலோமீட்டர் ரயிலில் போய், அதே தூரம் திரும்பி வருகிறவர் நீங்கள் என்றால், உங்கள் வீட்டுக் காய்கறிக் கூடையில் பாதி ரயில்வே ஸ்டேஷனைச் சுற்றித்தான் நிரம்புகிறது. காலையில் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கும்போது பச்சைப்பசேல் என்று கீரைக்கட்டு கண்ணில் படும். சாயங்காலத்துக்குள் வாடிவிடுமே என்று விட்டுவிட்டுப் போவீர்கள். மாலையில் கத்தரிக்காய், ஒரு முழம் பூ, கால் கிலோ முந்திரி. முதுநகர் பக்கம் வேலை என்றால் மீனும் சேர்ந்துகொள்ளும். வீடு போய்ச் சேர இரவு எட்டு மணி ஆகிவிடும். அதற்கப்புறம் யார் கடைத்தெருவுக்குப் போறது? அதனால் வழியிலேயே வாங்கிவிடுகிறோம்.

அதில் தப்பே இல்லை. ஆனால் வழியில் வாங்குகிறவருக்கு ஒரு பலவீனம் உண்டு. அது விற்கிறவருக்கும் நன்றாகவே தெரியும்: உங்களிடம் நேரம் இல்லை. வண்டி வருகிறது என்று அறிவிப்பு கேட்டுவிட்டால் தராசு முள்ளைப் பார்க்க மாட்டீர்கள், மீதிச் சில்லறையை எண்ண மாட்டீர்கள். பில் கேட்டால், "வண்டி வந்துடுச்சும்மா, ஓடுங்க" என்று நமக்கே அக்கறையாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் 'ரயில் நீர்' பாட்டிலின் விலை 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய். இதற்கு 20 ரூபாய் கொடுத்துவிட்டு 'ஆறு ரூபாய்தானே' என்று ஓடினால், மாதம் 25 வேலை நாளுக்கு 150 ரூபாய், வருஷத்துக்கு 1,800 ரூபாய். இது தண்ணீர் ஒன்றுக்கு மட்டும். எடை குறைந்த வெங்காயமும், தேதி தாண்டிய பிஸ்கட்டும் இந்தக் கணக்கில் வரவில்லை.

இப்படி ஏமாந்தால் எங்கே சொல்வது என்பதில்தான் பலரும் குழம்பிப் போகிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், வெளியே தள்ளுவண்டியில் வாங்கிய பழத்தைப் பற்றிப் புகார் சொன்னால் அவர் என்ன செய்வார்? அதேபோல, பிளாட்பார ஸ்டாலில் வாங்கிய கெட்டுப்போன சாப்பாட்டைப் பற்றி நகராட்சியில் சொல்லிப் பயன் இல்லை. ஒரே பொருள், ஒரே சட்டம்தான். ஆனால் எந்த இடத்தில் நின்று வாங்கினீர்களோ, அதைப் பொறுத்து நீங்கள் கேட்க வேண்டிய ஆள் மாறுகிறார். ஸ்டேஷன் வாசல்தான் எல்லைக்கோடு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், கையில் இருக்கும் போன் உண்மையிலேயே உதவும்.

வாசலுக்கு உள்ளே

பிளாட்பாரத்தில் இருக்கும் ஸ்டால்களும், ரயிலுக்குள் உரிமத்தோடு விற்கிறவர்களும் ரயில்வேயின் பொறுப்பில் வருகிறார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான் என்றாலும், ரயில்வே வளாகத்துக்குள் அதை நடைமுறைப்படுத்த ரயில்வேக்கே தனியாக உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆகவே உள்ளே வாங்கியதில் குறை இருந்தால் முதலில் கூப்பிட வேண்டிய எண் 139. போனில் பேசப் பிடிக்காதவர்கள் 'ரயில் மதத்' செயலியில் எழுதலாம். அதில் 'ரயில்', 'ஸ்டேஷன்' என்று இரண்டு தனித்தனிப் பிரிவு இருக்கும். பிளாட்பார ஸ்டால் பற்றியது என்றால் 'ஸ்டேஷன்' பக்கம் போகணும். ஸ்டாலின் பெயர்ப்பலகை, பொருளில் அச்சிட்ட விலை, நீங்கள் கொடுத்த பணத்துக்கான ஆதாரம் - இந்த மூன்றும் போட்டோவில் இருந்தால் போதும். வண்டி ஏறி உட்கார்ந்த பிறகும் புகாரைப் பதிவு செய்யலாம். போட்டோ மட்டும் அங்கேயே எடுத்துவிடுங்கள், பத்து வினாடி வேலை.

ரயில்வே உணவு ஸ்டால்களில் 'பில் இல்லையென்றால் பொருள் இலவசம்' என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்கு எழுதியது இல்லை அது. ரயில்வே அறிவித்த நடைமுறை. பில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பில் கையில் இருந்தால் பாதிப் புகார் எழுதி முடித்த மாதிரி. அதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். அந்த எண்ணை 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் போட்டால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. எல்லா வரியும் அதற்குள் அடக்கம். 'கூலிங் சார்ஜ்' என்று ஒன்றைச் சொல்வார்கள், குளிர்ந்த பாட்டிலுக்கு இரண்டு ரூபாய் கூட என்று. அப்படி ஒரு சார்ஜ் சட்டத்தில் கிடையாது. அச்சிட்ட விலையின் மேல் அதிக விலை போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவதும் தப்புதான். குறைந்த விலை ஸ்டிக்கர் என்றால் ஒட்டலாம், பழைய விலையை மறைக்காமல் இருக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், பலர் கவனிக்காதது. பாக்கெட்டில் மொத்த விலைக்குப் பக்கத்திலேயே 'ஒரு கிராம் இவ்வளவு ரூபாய்' என்றும் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொருளுக்கு கிலோ விலை. பயணத்தில் விற்கிற குட்டி பாக்கெட் 10 ரூபாய், 20 ரூபாய் என்று மலிவாகத் தெரியும். கிராம் விலையைப் பார்த்தால்தான் உங்கள் ஊர் மளிகைக் கடையில் வாங்கும் பெரிய பாக்கெட்டைவிட எவ்வளவு கூடக் கொடுக்கிறோம் என்பது புரியும். சர்க்கரை, காபித்தூள், எண்ணெய் மாதிரி மாதச் சாமானை பிளாட்பாரத்தில் வாங்குவதில் எந்த லாபமும் இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

உள்ளே வாங்கத் தகுந்தது உள்ளூர்ப் பொருள்தான். 'ஒரு நிலையம் ஒரு பொருள்' என்ற திட்டத்தை 2022-23 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, 2022 மார்ச் 25 முதல் சோதனை முறையில் தொடங்கினார்கள். அந்தந்த வட்டாரத்தில் விளைவதை, செய்வதை, கைவினைஞர்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஸ்டேஷனுக்குள் ஸ்டால் போட்டு விற்கலாம். கட்டணம் பெயருக்குத்தான். ஒருவரே நிரந்தரமாக உட்காராமல், சுழற்சி முறையில் இடம் ஒதுக்குகிறார்கள். சிதம்பரம் நிலையம் அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு, 2025 மே 22 அன்று நாடு முழுக்கத் திறந்துவைக்கப்பட்ட 103 நிலையங்களில் ஒன்றாகத் திறக்கப்பட்டது. இந்தத் தடம் திருச்சி ரயில்வே கோட்டத்தில் வருகிறது. நீங்களோ உங்கள் வீட்டுப் பெண்களோ சுய உதவிக் குழுவில் இருந்து, முந்திரியோ ஊறுகாயோ செய்கிறவர்கள் என்றால், ஸ்டேஷன் மேலாளரிடம் அடுத்த சுழற்சி எப்போது என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். தினமும் அந்த வழியாகத்தானே போகிறீர்கள்.

ஓடும் ரயிலில் வாங்குவது

இதைப் பற்றி நேர்மையாகப் பேசிவிடலாம். பாசஞ்சர் வண்டியில் கூடையோடு ஏறி வெள்ளரிக்காய், வேர்க்கடலை, பூ விற்கிறவர்கள் இல்லாமல் இந்தத் தடத்துப் பயணத்தை யாரும் கற்பனை செய்ய முடியாது. ஆனால் அனுமதியில்லாமல் ரயிலிலோ ரயில்வே இடத்திலோ விற்பது 1989 ரயில்வே சட்டத்தின் 144-வது பிரிவின்படி குற்றம். ஒரு வருடம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்க முடியும். அந்தத் தண்டனை விற்கிறவருக்கு, வாங்குகிறவருக்கு இல்லை. வாங்குகிறவருக்கு இருக்கும் நஷ்டம் வேறு மாதிரி. பில் கிடையாது, உரிமம் கிடையாது, பொருள் கெட்டிருந்தால் யாரைக் கைகாட்டுவது என்றும் தெரியாது. தோலுரித்துச் சாப்பிடுகிற பழம், வேகவைத்த கடலை என்றால் பெரிய ஆபத்து இல்லை. நறுக்கி, மூடாமல் வைத்திருக்கும் பழத்தைத் தவிர்த்துவிடுங்கள். உரிமம் பெற்று விற்கிறவர் சீருடையும் அடையாள அட்டையும் வைத்திருப்பார்.

அதைவிட முக்கியமானது இது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை மாதிரியான நிலையங்களில் வண்டி நிற்பதே ஓரிரு நிமிஷம். அதற்குள் இறங்கி, பேரம் பேசி, வாங்கி, ஓடி ஏறுவது ஒரு கட்டுக் கீரைக்காகச் செய்கிற வேலை இல்லை. எதிர்ப் பிளாட்பாரத்தில் நல்ல மாம்பழம் தெரிகிறது என்று தண்டவாளத்தில் இறங்கிக் கடந்தால், 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். அபராதத்தை விடுங்கள், குழந்தைகள் வீட்டில் காத்திருக்கிறார்கள்.

வாசலுக்கு வெளியே

வெளியே வந்துவிட்டால் நீங்கள் மாநில அரசின் துறைகளிடம் வந்துவிட்டீர்கள். எடையும் அளவும் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் பொறுப்பு. மாவட்டத்தில் இதைப் பார்க்கிறவர் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). எடை குறைவு, விலை கூடுதல், பாக்கெட்டில் விவரம் இல்லாதது, இவற்றுக்கெல்லாம் 'டிஎன்-எல்எம்சிடிஎஸ்' என்ற செயலி இருக்கிறது. புகார் கொடுத்து, அது என்ன ஆயிற்று என்றும் அதிலேயே பார்க்கலாம். சாப்பாட்டுப் பொருளின் தரம் பற்றி என்றால் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. போட்டோவும், கடை இருக்கும் இடமும் சேர்த்து அனுப்புங்கள். 'ஸ்டேஷன் பக்கத்துக் கடை' என்று மட்டும் எழுதினால் எந்தக் கடை என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? போனில் இருக்கும் மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, லொகேஷனை அனுப்பிவிட்டால் வேலை சுலபம்.

தராசு விஷயத்தில் இரண்டு பார்வை போதும். மின்னணுத் தராசு என்றால், பொருளை வைப்பதற்கு முன்னால் திரையில் பூஜ்யம் இருக்கிறதா? தட்டிலோ கூடையிலோ வைத்து எடை போடுகிறார் என்றால், காலித் தட்டை வைத்த பிறகு பூஜ்யம் ஆக்கினாரா? அவ்வளவுதான். தராசுக்கும் எடைக்கல்லுக்கும் குறித்த காலத்துக்கு ஒருமுறை அரசு முத்திரை இட வேண்டும். கல்லை வைத்து எடை போடுகிற இடத்தில் அதற்குப் பதிலாக உருளைக்கிழங்கையோ செங்கல் துண்டையோ வைத்தால் அங்கே வாங்காதீர்கள்.

கடலூர், சிதம்பரம் இரண்டு ஊரிலும் உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை தொடங்கியபோது சொன்ன அடிப்படை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. விவசாயியே நேரில் விற்பார், இடைத்தரகர் கிடையாது, அன்றைய விலையைச் சந்தை அலுவலர்கள் நிர்ணயித்துப் பலகையில் எழுதுவார்கள், தராசும் சந்தையே கொடுக்கும். ஒரே சிக்கல், இது காலைச் சந்தை. வேலைக்குப் போகும் வழியில் வாங்கினால் பையோடு ஆபீசில் உட்கார வேண்டும். கத்தரிக்காய், முருங்கைக்காய், சேனை, வெங்காயம், வாழைக்காய் என்று ஒருநாள் தாங்குகிற காய்களைக் காலையில் வாங்கி மேஜைக்குக் கீழே வைத்துவிடலாம். கீரையும் கொத்தமல்லியும் ஈரத்துணியில் சுற்றினால் தாங்கும், பிளாஸ்டிக் கவரில் கட்டினால் தாங்காது. அன்றைய சந்தை நிலவரத்தை 2018-ல் வந்த 'உழவன்' செயலியிலும் பார்க்கலாம். சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் தக்காளி விலை கேட்கும்போது, காலை விலை மனசில் இருந்தால் பேரம் பேச ஒரு தைரியம் வரும்.

கடலூர் மாவட்டம் என்றாலே முந்திரி. விழுப்புரம், பண்ருட்டி வழியாக வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு வருவார்கள், மற்றவர்கள் கடலூரில் வாங்குவார்கள். முழுப் பருப்பு, உடைத்த பருப்பு என்று பார்த்து வாங்கத் தெரிந்தவர்களும் 'டபிள்யூ 240', 'டபிள்யூ 320' என்று எழுதியிருப்பதைக் கண்டு குழம்புவார்கள். விஷயம் எளிது. ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், எத்தனை பருப்பு நிற்கும் என்பதன் கணக்கு அது. எண் சின்னதாக இருந்தால் பருப்பு பெரிசு, விலையும் பெரிசு. 320 என்றால் கால் கிலோவில் தோராயமாக 165 முதல் 176 பருப்பு வரை இருக்க வேண்டும். பாயசத்துக்கும் கேசரிக்கும் போடுவதற்கு உடைத்த பருப்பே போதும், முழுப் பருப்பு விலை கொடுக்கத் தேவையே இல்லை. பலாப்பழக் காலத்தில் முழுப் பழத்தைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுகிற வீரர்களும் உண்டு, அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சுளை வாங்குகிறவர்கள், மூடி வைத்திருக்கும் பாத்திரத்திலிருந்து எடுத்துத் தருகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

மீன் வாங்கினால் நேரம்தான் எதிரி. கண் உப்பியபடி பளபளப்பாக இருக்கணும், செவுள் சிவப்பாக இருக்கணும், விரலால் அழுத்தினால் குழி விழாமல் திரும்பி எழணும். இதெல்லாம் நெய்தல் கரைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்கிய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் பிரச்சினை. சாயங்காலம் ஐந்தரைக்கு வாங்கி, வண்டிக்குக் காத்திருந்து, பயணம் செய்து, வீட்டுக்கு நடந்து போய்ச் சேர எட்டு மணி ஆனால், கடலூர் வெயில் நாளில் இரண்டரை மணி நேரம் அந்த மீன் வெளியிலேயே இருந்திருக்கும். இரண்டு மணி நேரமே அதிகம். எனவே மூடி உள்ள டப்பா ஒன்றைக் காலையிலேயே பையில் எடுத்துக்கொண்டு போங்கள், மீன் வாங்கும்போது ஐஸ் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் உருகி வழியாத டப்பாவாக இருக்கட்டும். சக பயணிக்கு அருவருப்புத் தரும் பொருளை முன்கூட்டிச் சொல்லாமல் ரயிலில் கொண்டுபோவதும் ரயில்வே சட்டப்படி குற்றம்தான். சட்டம் வருகிறதோ இல்லையோ, பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியில் மீன் தண்ணீர் சொட்டினால் அன்றைய பயணம் அத்தோடு சரி.

பை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. மடித்தால் போன் அளவுதான் இருக்கும், ஆபீஸ் பையிலேயே ஒன்று கிடக்கட்டும்.

பணம் போச்சு, வண்டியும் போச்சு

இப்போது பூக்கார அம்மாவிடமும் க்யூஆர் கோடு இருக்கிறது. 2020-ல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி கடன் திட்டத்தில், டிஜிட்டலாகப் பணம் வாங்கும் தெரு வியாபாரிகளுக்குக் கொஞ்சம் கேஷ்பேக்கும் கிடைப்பது அதற்கு ஒரு காரணம். நல்லதுதான். ஆனால் ஸ்டேஷன் பக்கம் கூட்டநேரத்தில் சிக்னல் தடுமாறும். பணம் உங்கள் கணக்கில் கழிந்துவிடும், கடைக்காரருக்கு வந்திருக்காது, வண்டி ஹாரன் அடிக்கும். இரண்டாவது முறை பணம் அனுப்பிவிட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

ரிசர்வ் வங்கி 2019-லேயே இதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. தனிநபர் கணக்குக்கு அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லையென்றால் அடுத்த நாளுக்குள் உங்கள் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கான கணக்கு என்றால் ஐந்து நாளுக்குள். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் வங்கி உங்களுக்கு இழப்பீடு தரணும். ஆகவே, பணம் கழிந்த மெசேஜைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ரொக்கம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வண்டி ஏறலாம், கழிந்த பணம் திரும்பி வரும். சின்னச் செலவுகளுக்கு 'யுபிஐ லைட்' வைத்துக்கொள்வது நல்லது. ஒருமுறைக்கு 1,000 ரூபாய் வரை பின் நம்பர் போடாமலே போகும், அதிகபட்சம் 5,000 ரூபாய் வைத்திருக்கலாம். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் ஒருமுறை சத்தமாகச் சொல்லிக் கேளுங்கள். அவருடைய கோடு மேல் வேறு யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மோசடி என்று தெரிந்தால் உடனே 1930.

போனிலேயே ஆர்டர், வாசலில் பை

தென் கொரியாவின் சோல் நகரில் 2011-ல் ஒரு வேடிக்கையான கடை வந்தது. 'ஹோம்பிளஸ்' என்ற சூப்பர் மார்க்கெட், சொல்லுங் என்ற மெட்ரோ நிலையத்தில் (நம்ம ஊர் 'சொல்லுங்க' இல்லை) சுவரிலும் தூணிலும் பொருட்களின் படத்தை மட்டும் ஒட்டி வைத்தது. சுமார் 500 பொருள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு க்யூஆர் கோடு. ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனால் ஸ்கேன் செய்தால், சாமான் வீட்டுக்கு வந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் இல்லை, ஆனால் ரயிலுக்காகக் காத்திருக்கும் நேரம் வீணாகப் போகிறது. அந்த நேரத்தைக் கடையாக மாற்றினார்கள்.

நமக்குச் சுவரில் படம் தேவையில்லை. உங்கள் ஊர் ஸ்டேஷன் பக்கத்து மளிகைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. காலை வண்டியில் உட்கார்ந்து பட்டியலை அனுப்பிவிட்டால், மாலை இறங்கும்போது பை கட்டித் தயாராக இருக்கும். இது பலர் ஏற்கெனவே செய்கிற வழக்கம்தான், நான் சேர்ப்பது இரண்டே விஷயம். பட்டியலில் 'பருப்பு 1 கிலோ' என்று எழுதாமல் எந்த பிராண்ட், எந்த ரகம் என்று எழுதுங்கள். பணத்தை முன்கூட்டியே அனுப்பாமல், பையையும் பில்லையும் பார்த்த பிறகு அனுப்புங்கள். கடைப் பையன் பிளாட்பாரத்துக்கே வந்து கொடுக்கட்டும் என்று நினைத்தால், அவனுக்கு 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட் வேண்டும், அது இரண்டு மணி நேரம் செல்லும். வாசலிலேயே வாங்கிக்கொள்வது மேல். டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கலாம். 2025 ஜூலை 1 அன்று வந்த 'ரயில்ஒன்' செயலியில் முன்பதிவில்லா டிக்கெட்டும் பிளாட்பார டிக்கெட்டும் எடுக்கலாம், புகாரும் கொடுக்கலாம்.

உள்ளேயோ வெளியேயோ, கொடுத்த புகாருக்குப் பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு 88000 01915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் இல்லை. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

ரேஷன் கடை மூடுமுன்

தினசரி ரயில் பயணிகளின் பெரிய நஷ்டம் பிளாட்பாரத்தில் இல்லை, ரேஷன் கடையில் இருக்கிறது. மாவட்டங்களில் ரேஷன் கடை காலை 9 முதல் 1 வரை, பிற்பகல் 2 முதல் 6 வரை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில், இந்த நேரத்தில் யாரும் ஊரில் இருப்பதில்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று அரசு கொடுப்பதை விட்டுவிட்டு, அதையே வெளியில் பல மடங்கு விலைக்கு வாங்குகிறோம்.

2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. சிதம்பரத்துக் கார்டுக்குக் கடலூர்க் கடையிலும் பொருள் வாங்கலாம் என்பது இதன் அர்த்தம். கார்டில் பெயர் உள்ள ஒருவர் ஸ்மார்ட் கார்டோடு போய் விரல் ரேகை வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆபீஸ் பக்கத்தில் உள்ள ரேஷன் கடைக்கு மதிய சாப்பாட்டு நேரத்தில், 1 மணிக்கு முன்போ 2 மணிக்குப் பிறகோ போய்விட்டு வரலாம். போவதற்கு முன்னால் 'டிஎன்இபிடிஎஸ்' செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடையின் விவரத்தை, பதிவு செய்த செல்போனிலிருந்து எஸ்எம்எஸ்ஸிலும் கேட்கலாம். பிடிஎஸ் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு 101 என்று 97739 04050 எண்ணுக்கு அனுப்பினால் இருப்பு தெரியும். 102 என்று அனுப்பினால் கடை திறந்திருக்கிறதா என்று வரும். நீங்கள் வாங்காத பொருளை வாங்கியதாக மெசேஜ் வந்தால் 107 என்று அனுப்புங்கள், அது புகாராகப் பதிவாகும்.

அரிசியை மட்டும் யோசித்து வாங்கணும். சாதாரண இரண்டாம் வகுப்பு டிக்கெட்டுக்கு 35 கிலோ வரை சுமை இலவசம், சீசன் டிக்கெட்டுக்கு அந்த அளவு குறைவு. போதாததற்கு ரேஷன் அரிசிக் கடத்தலைப் பிடிக்க ரயில்களில் சோதனையும் நடக்கும். உங்கள் கார்டுக்குரிய அளவோடு போகிற உங்களுக்குப் பயம் தேவையில்லை. பொருள் வாங்கியதும் செல்போனுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை மட்டும் வீடு போய்ச் சேரும் வரை அழிக்காமல் வைத்திருங்கள். யாராவது கேட்டால் அதையும் ஸ்மார்ட் கார்டையும் காட்டலாம்.